நஞ்சுக்கொடியை வாட்டும் ரத்த உறைவு
தொடர் கருச்சிதைவுக்குச் சிகிச்சை உண்டு. தூத்துக்குடியின் முத்துக்குளித்துறைக் கரையில் அது எங்கே தடைப்படுகிறது?

குழந்தை பிறந்த சில நிமிடங்களில் நஞ்சுக்கொடியும் இறங்கிவிடும். செவிலியர் அதைத் தட்டில் வாங்கி, ரத்தக்கட்டிகளைக் கழுவித் திருப்பிப் போட்டு, இரு கைகளாலும் விரிக்கிறார். மடல்கள் முழுதாக வந்திருக்கின்றனவா, துண்டு ஏதாவது கருப்பைக்குள் தங்கிவிட்டதா என்று விரல் வைத்துப் பார்க்கிறார். நிறைமாத நஞ்சுக்கொடி அரைக் கிலோ எடை இருக்கும். ஒரு சாண் அகலம், கருஞ்சிவப்பு நிறம், அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். சில தட்டுகளில் இருப்பது வேறு மாதிரி. அளவு சிறுத்திருக்கும். கருஞ்சிவப்புக்கு நடுவே வெளிறிய மஞ்சள் திட்டுகள் தெரியும். அந்தத் திட்டுகளைத் தொட்டால் கெட்டியாக இருக்கும். அங்கெல்லாம் ரத்தம் வராமல் திசு செத்துப்போயிருக்கிறது. அந்தக் குழந்தை பெரும்பாலும் எடை குறைந்தோ, மாதம் முந்தியோ, உயிரில்லாமலோ பிறந்திருக்கும்.

நஞ்சுக்கொடி இப்படிப் பாழாவதற்கு ரத்தக்கொதிப்பு, சிறுநீரக நோய் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, அடுத்த கர்ப்பத்தைக் காப்பாற்றவும் முடியும். அதன் பெயர் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். மருத்துவர்கள் சுருக்கமாக ஏபிஎஸ் என்பார்கள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள் உடலின் சொந்தச் செல்கள்மேல் திரும்பிவிடும் தன்னெதிர்ப்பு நோய்களில் இதுவும் ஒன்று. இதில் ரத்தம் உறையக்கூடாத இடத்தில் உறைகிறது. பெண்ணின் கால், நுரையீரல், மூளை என எங்கும் கட்டி அடைக்கலாம். கர்ப்பமான பெண்ணிடம் அது முதலில் பதம்பார்ப்பது பல நேரங்களில் நஞ்சுக்கொடியைத்தான்.

தொடர்ந்து கரு கலையும் பெண்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேரிடம் இந்த ஆன்டிபாடிகள் இருப்பதாகப் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி தன் வழிகாட்டி நெறிகளில் சொல்கிறது. இவர்களுக்குச் சிகிச்சை தராமல் விட்டால் உயிருள்ள குழந்தை கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதம் வரைகூட இறங்கலாம் என்றும் அதே நெறிகள் எச்சரிக்கின்றன.

உள்ளே நடப்பது என்ன?

கரு பதிந்ததும் நஞ்சுக்கொடியின் வெளிச்செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும். அங்கே சுருள் தமனிகள் என்ற குறுகலான ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. ஊடுருவிய செல்கள் அவற்றின் தசைச்சுவரைக் கரைத்து அகலமாக்கும். உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் தாராளமாகப் பாய வாய்க்காலின் வாயை வெட்டி அகலப்படுத்துவது போன்ற வேலை இது. இந்த வேலை ஒழுங்காக நடந்தால்தான் நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 600 முதல் 700 மில்லிலிட்டர் ரத்தம் கருப்பைக்கு ஓடிவர முடியும்.

ஏபிஎஸ் ஆன்டிபாடிகள் இதைப் பல முனைகளிலும் கெடுக்கின்றன. ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் பீட்டா-2 கிளைகோபுரோட்டீன்-1 என்ற புரதம் நஞ்சுக்கொடிச் செல்களின் மேல் ஒட்டிக்கொள்ளும் தன்மை கொண்டது. ஆன்டிபாடிகள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. செல்களின் ஊடுருவும் திறன் குன்றுகிறது, தமனிகள் குறுகலாகவே நின்றுவிடுகின்றன. நஞ்சுக்கொடியின் மேல்பரப்பில் ரத்தம் உறையாமல் காக்கும் அனெக்ஸின் ஏ-5 என்ற புரதப் படலமும் கிழிகிறது. இவற்றோடு உடலின் தற்காப்பு ஆயுதமான காம்ப்ளிமென்ட் புரதங்கள் தூண்டப்பட்டு நஞ்சுக்கொடியில் அழற்சி மூள்கிறது.

இந்த மூன்றாவது முனையின் கனம் 2004இல்தான் தெளிவாகத் தெரிந்தது. நியூயார்க்கில் கில்லர்மினா கிரார்டியும் ஜேன் சால்மனும் எலிகளில் ஆய்வு செய்தார்கள். ரத்தம் உறைவதை மட்டும் தடுக்கும் வேறு மருந்துகள் எலியின் கருவைக் காக்கவில்லை, ஏபிஎஸ் கர்ப்பிணிகளுக்குப் போடப்படும் ஹெப்பாரின் என்ற ஊசிமருந்து காத்தது. ஹெப்பாரின் காம்ப்ளிமென்டையும் அடக்குகிறது என்பதே காரணம். “ரத்தத்தை இளக்க ஊசி போடுகிறார்கள்” என்று வீடுகளில் சொல்லப்படுவது இதில் பாதிக் கதைதான்.

விளைவு கர்ப்ப மாதத்துக்குத் தக்கபடி மாறும். முதல் பத்து வாரத்துக்குள் என்றால் கரு கலையும். அதற்குப் பிறகு என்றால் ஸ்கேனில் நன்றாகத் துடித்துக்கொண்டிருந்த சிசு திடீரென வயிற்றிலேயே அடங்கிவிடலாம். ஐந்தாம் மாதத்தைத் தாண்டிவிட்டால் சிசுவின் வளர்ச்சி தடைப்படுவதும், தாய்க்கு ரத்த அழுத்தம் 140/90ஐ எட்டிச் சிறுநீரில் புரதம் இறங்குவதும் நடக்கும். இதுதான் பிரீஎக்லாம்ப்சியா. முற்றினால் வலிப்பு, ஈரல் பாதிப்பு, தாயின் உயிருக்கே ஆபத்து. வேறு வழியில்லாமல் 34 வாரத்துக்கு முன்பே குழந்தையை வெளியே எடுக்க வேண்டிவரும்.

[பெட்டிச் செய்தி]
மாட்டு இதயத்தில் கிடைத்த துப்பு

கர்ப்பிணிகளின் அட்டையில் விடிஆர்எல் என்று ஒரு வரி இருக்கும். அது சிபிலிஸ் என்ற மேகநோய்க்கான பரிசோதனை. 1906இல் ஜெர்மனியில் வாஸர்மன் தொடங்கிய முறை அதன் மூதாதை. அதில் வினைபுரியும் கொழுப்புப்பொருளை 1941இல் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்து, கார்டியோலிப்பின் என்று பெயரிட்டார். பிற்பாடு ஒரு விசித்திரம் கவனத்துக்கு வந்தது. மேகநோயே இல்லாத, ஆனால் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் கொண்ட பெண்கள் பலருக்கும் இந்தப் பரிசோதனை ‘பாசிட்டிவ்’ காட்டியது. அவர்களுக்குக் கரு தங்கவில்லை, ரத்தமும் உறைந்தது.

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கிரஹாம் ஹியூஸ் இந்த இழைகளை 1983இல் ஒன்றாக முடிந்து, தனி நோயாக அடையாளம் காட்டினார். கார்டியோலிப்பினுக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்கும் முறையை அவருடைய குழுவைச் சேர்ந்த நைஜல் ஹாரிஸ் அதே ஆண்டில் வெளியிட்டார்.

தூத்துக்குடி போன்ற துறைமுக ஊருக்கு இந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. கணவர் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வருபவர், மனைவிக்கு விடிஆர்எல் பாசிட்டிவ் என்றால் வீட்டில் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிபிஹெச்ஏ என்ற உறுதிப் பரிசோதனை செய்யாமல் யாரும் யாரையும் சந்தேகிக்கக் கூடாது. அது நெகட்டிவ் என்றால், ஏபிஎஸ் இருக்கிறதா என்று பார்க்கும் நேரம் அதுதான்.

குழாய்க்கு வழி தூரம்

தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே பெரியதாழை வரை 160 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. மீன்பிடி, சங்கு, உப்பளம், துறைமுக வேலை ஆகியவையே பிழைப்பு. மாவட்டத் தலைநகரில் 2000ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பிரசவத்துக்கு மருத்துவமனை கிடைக்காத காலம் இங்கே மலையேறிவிட்டது. 2018-20 கணக்கெடுப்பில் உயிருள்ள ஒரு லட்சம் பிறப்புக்கு நாடு முழுவதும் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அந்த எண் 54. ஏபிஎஸ் போன்ற நோய்க்குத் தடை கட்டடத்தில் இல்லை, ரத்த மாதிரி எடுத்த குழாய் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் விதத்தில் இருக்கிறது.

நோயை உறுதி செய்ய மூன்று பரிசோதனைகள் தேவை: லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைகோபுரோட்டீன்-1. ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது. காய்ச்சல், தொற்று முதலியவற்றாலும் தற்காலிகமாக வரலாம் என்பதால் 12 வாரம் கழித்துத் திரும்பவும் பார்த்து, அப்போதும் இருந்தால்தான் நோய் என்று கொள்வார்கள். பின்னிரண்டும் சீரத்தில் செய்யப்படுபவை; வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் பெரிதாகக் கெடாது. லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் அப்படியில்லை. சிட்ரேட் ஊற்றிய நீலமூடிக் குழாயில் குறித்த கோடு வரை ரத்தம் எடுத்து, சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, அதை மறுபடியும் சுழற்றித் தட்டணுக்களை நீக்க வேண்டும். உடனே பரிசோதிக்க முடியாவிட்டால் உறையவைத்துத்தான் அனுப்ப வேண்டும். தூத்துக்குடியில் மாலையில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் இரவு வண்டியில் 600 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னைக்கு அனுப்பினால், வரும் முடிவை நம்பி எதுவும் செய்ய முடியாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2012இல் வெளியான ப்ராமிஸ் ஆய்வின்படி, 12 வாரத்துக்குப் பிறகு கர்ப்பம் கெடுமா என்பதை மற்ற இரண்டையும்விட நன்றாக முன்கூட்டிச் சொல்வது லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட்தான். ஆக, மிக முக்கியமான பரிசோதனையே பயணத்தை மிகக் குறைவாகத் தாங்குகிறது. குழாயை அனுப்புவதைவிட, அந்தப் பெண் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ஒருநாள் நேரில் போய், பரிசோதிக்கும் இடத்திலேயே ரத்தம் கொடுப்பது மேல். அது முடியாதென்றால், “எடுத்த இடத்திலேயே பிளாஸ்மா பிரித்து உறையவைத்து அனுப்புகிறீர்களா?” என்று ஆய்வகத்தைக் கேட்கலாம். கேட்பதற்கு எல்லா உரிமையும் உண்டு. ஹெப்பாரின் ஊசி தொடங்கிவிட்டால் முடிவு குழம்பும் என்பதால் அதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுவது நல்லது.

இதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. கலைந்த கருக்கள் கணக்கில் ஏறுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்காகப் பெரும்பாலான பெண்கள் 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுகிறார்கள். கிராம சுகாதார செவிலியர் முந்தைய பிரசவங்களைக் கேட்டு எழுதுகிறார். ஆனால் “நாள் தள்ளிப்போய் அப்புறம் வந்துட்டு” என்று வீட்டோடு முடிந்த இழப்புகளை யாரும் சொல்வதில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்லவும் முடியாது. நாகதோஷம் என்று இராமேசுவரத்துக்குப் பரிகாரத்துக்குப் போகிறார்கள். பனிமய மாதாவுக்கு நேர்ச்சை வைக்கிறார்கள். நம்பிக்கை அவரவருக்கு. அதோடு ரத்தப் பரிசோதனையும் நடந்திருக்க வேண்டும். மூன்று முறை கரு கலைந்த ஒரு பெண்ணை ‘ராசியில்லாதவள்’ என்று வீடே ஒதுக்குவதும், மகனுக்கு மறுகல்யாணம் பேசுவதும் பெரும் அநியாயம். அவள் ரத்தத்தில் இருப்பது ஒரு புரதம். அதற்கு மருந்து இருக்கிறது.

ஒரு மாத்திரை, ஓர் ஊசி

சிகிச்சை ஆச்சரியமான அளவுக்குப் பழைய மருந்துகளைக் கொண்டது. குறைந்த அளவு ஆஸ்பிரின், அதாவது தினமும் 75 முதல் 100 மில்லிகிராம். அதோடு ஹெப்பாரின் ஊசி. லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ராஜ் ராயும் லெஸ்லி ரீகனும் 90 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1997இல் வெளிவந்தது. ஆஸ்பிரின் மட்டும் போட்டவர்களில் 42 சதவீதம் பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. ஹெப்பாரினும் சேர்த்துப் போட்டவர்களில் அது 71 சதவீதம். இன்றைக்கும் உலகம் முழுக்கச் சிகிச்சை இந்தத் தடத்தில்தான் போகிறது.

ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவிடம் போகாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையாகத் தரப்படும் வார்ஃபரின் தாண்டிப் போகும். முக்கியமாக 6 முதல் 12 வாரத்துக்குள் சிசுவின் மூக்கையும் எலும்பையும் ஊனமாக்கக்கூடியது. ஏற்கெனவே காலிலோ மூளையிலோ ரத்தம் உறைந்து வார்ஃபரின் சாப்பிடும் பெண், நாள் தள்ளிப்போன உடனே மருத்துவரைப் பார்த்து ஊசிக்கு மாறிவிட வேண்டும். லூபஸுக்காக ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுபவர்கள் கர்ப்பம் என்றதும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது, நோயையும் அடக்கிவைக்கும்.

ஹெப்பாரின் வகையான எனாக்ஸாபாரின் என்ற ஊசியைத் தொப்புளுக்கு இரு பக்கமும் தோலைக் கிள்ளிப் பிடித்து, கொழுப்பில் இறங்கும்படி அவரவரே போட்டுக்கொள்ளலாம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் ரத்தம் கட்டி நீலம் பாரிக்கும். ஆறாம் வாரத்தில் தொடங்கி, பிரசவம் வரைக்கும், அதற்குப் பின் ஆறு வாரத்துக்கும் போட்டால் நாளுக்கு ஒன்று வீதம் கணக்கு 250 ஊசியைத் தாண்டும். கடற்கரைக் குடும்பத்துக்கு இது லேசான செலவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வருமானம் நிற்கும், ஊசி நிற்க முடியாது. ஹெப்பாரின், எனாக்ஸாபாரின் இரண்டும் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. வெளியே காசு கொடுத்து வாங்கி, முடியாமல்போன மாதத்தில் விட்டுவிடுவதைவிட, முதல் நாளிலேயே அரசு மருத்துவமனையில் பதிந்து, அங்கே கிடைக்கும் ஊசியைத் தொடர்வது உயிரைக் காக்கும். ஊசியை 25 டிகிரி வெப்பத்துக்குள் வைக்கச் சொல்வார்கள். உறையவும் விடக் கூடாது. தூத்துக்குடி வெயிலில் இதையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிவிடுவது நேர்மை. ஹெப்பாரின் பன்றிக் குடலின் சவ்விலிருந்து எடுக்கப்படுவது. காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வரும் முஸ்லிம் பெண்களுக்கும், சைவக் குடும்பத்துப் பெண்களுக்கும் இதைச் சொல்லாமல் ஊசி போட்டு, பாதியில் அவர்கள் யார் மூலமோ தெரிந்துகொண்டால் சிகிச்சை நின்றுபோகும். முதலிலேயே சொன்னால், உயிர்காக்கும் மருந்து என்ற நிலையில் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவார்கள். செயற்கையாகத் தயாராகும் ஃபாண்டாபாரினக்ஸ் என்ற மாற்று ஊசி உண்டு. ஆனால் கர்ப்பிணிகளிடம் அதன் அனுபவம் குறைவு. கிரார்டியின் எலி ஆய்வில் கருவைக் காக்கத் தவறிய மருந்துகளில் அதுவும் ஒன்று.

ஏழாம் மாதத்தில் மாறும் ஊர்

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது இந்தச் சீமையில் எல்லாச் சாதி சமயத்துக்கும் ஏறக்குறையப் பொது. விளாத்திகுளத்தில் வாழ்க்கைப்பட்டவள் மணப்பாட்டுக்குப் போவாள். கோவில்பட்டியில் இருந்தவள் புன்னக்காயலுக்கு வருவாள். மருத்துவமனையும் மருத்துவரும் அதோடு மாறுகிறார்கள். ஏபிஎஸ் உள்ள பெண்ணின் நஞ்சுக்கொடி தள்ளாடத் தொடங்கும் காலமும் சரியாக அதுதான்.

20 முதல் 24 வாரத்துக்குள் கருப்பைத் தமனிகளின் ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பார்கள். பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை சிசுவின் வளர்ச்சியையும் தொப்புள்கொடி ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். இதயத் துடிப்புகளுக்கு இடையே கொடியில் ஓட்டம் குறைந்தாலோ, நின்றாலோ, திரும்பினாலோ எப்போது குழந்தையை எடுப்பது என்ற முடிவு நாள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் எடுக்கப்படும். 28ஆம் வாரத்தில் புது ஊரில் புது மருத்துவர் முதலிலிருந்து தொடங்கினால் அந்த நாட்கள் கைவிட்டுப் போகும். தாய்வீட்டுக்குப் போகட்டும், ஸ்கேன் தாள்களும் ரத்த முடிவுகளும் ஊசி விவரமும் கூடவே போக வேண்டும். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையில்தான் பிரசவம் என்றும் அப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பிரசவ வலி கண்டதும் ஊசியை நிறுத்தி, கடைசி ஊசி எந்த மணிக்குப் போட்டது என்பதைச் சொல்ல வேண்டும். தடுப்பு அளவு எனாக்ஸாபாரின் போட்டு 12 மணி நேரம் ஆகாமல் முதுகில் மயக்க ஊசி போட்டால் தண்டுவடத்தருகே ரத்தம் கசியும் அபாயம் உண்டு. அந்த நேரத்தை அட்டையின் மேலேயே எழுதிவைக்கும் பழக்கம் நல்லது.

பச்சை உடம்பும் ஒரு மடக்குத் தண்ணீரும்

பேறுகாலத்தில் ரத்தம் உறைவது தமிழ்நாட்டு மருத்துவத்துக்குப் புதிதன்று. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளையின் ரத்தநாளங்கள் அடைபட்ட 135 பேரைப் பற்றித் தமிழகத்து நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் எழுதிய கட்டுரை 1983இல் ஆஞ்சியாலஜி இதழில் வந்தது. லண்டனில் ஹியூஸ் புதிய நோயை அடையாளம் காட்டிய அதே ஆண்டு. அந்த 135 பேரில் யாருக்கு ஏபிஎஸ் இருந்தது என்று பார்க்கும் பரிசோதனை அப்போது பரவலாக இல்லை. இன்று இருக்கிறது.

பிரசவித்த முதல் ஆறு வாரம் எந்தப் பெண்ணுக்கும் ரத்தம் எளிதில் உறையும் காலம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு ஊதும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று நாவை நனைக்கும் அளவுக்கே தருகிற பத்தியம் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. கடலோரப் புழுக்கத்தில், எழுந்து நடக்கவும் விடாமல் படுக்கவைத்து, தண்ணீரையும் குறைத்தால் ரத்தம் கெட்டிப்படும். ஏபிஎஸ் உள்ளவளுக்கு இது நேரடியான ஆபத்து. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சு வாங்குதல், அடங்காத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் ‘பேய் பிடித்தது’ என்று காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். ஊசியை இந்த ஆறு வாரமும் விடக் கூடாது. ஹெப்பாரின் போடுவதால் தாய்ப்பாலுக்குத் தடையில்லை.

[பெட்டிச் செய்தி]
அடுத்த குழந்தைக்கு இடைவெளி

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் ரத்த உறைவைக் கூட்டும். அரசு தரும் மாலா-என், கடையில் கிடைக்கும் மாலா-டி இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. ஏபிஎஸ் ஆன்டிபாடி உள்ள பெண்கள் இவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. காப்பர்-டிக்குத் தடையில்லை. கருத்தடை ஆலோசனைக்குப் போகும்போது நோயின் பெயரைச் சொல்லாவிட்டால், மாத்திரை அட்டை கையில் வந்துவிடும்.

தொடர் கருச்சிதைவு என்பதற்கு மூன்று இழப்பு என்ற பழைய கணக்கும் தளர்ந்துவருகிறது. இரண்டு இழப்பு நேர்ந்தாலே ஏபிஎஸ் பரிசோதனைகளைச் செய்யலாம் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2017இல் பரிந்துரைத்தது. பத்து வாரத்துக்கு மேல் வளர்ந்த சிசு காரணம் தெரியாமல் ஒருமுறை இறந்தாலே பரிசோதிக்க வேண்டும். மூன்றாவது இழப்புக்காக ஒரு பெண்ணைக் காத்திருக்கச் சொல்வது கொடுமை.

சிசு இறந்து பிறந்தாலோ, மிகவும் முந்திப் பிறந்தாலோ, நஞ்சுக்கொடி குப்பைப் பைக்குப் போகுமுன் அதை நோய்க்குறியியல் துறைக்கு அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அந்த முடிவையும் டிஸ்சார்ஜ் தாளையும் பத்திரமாக எடுத்துவையுங்கள். பன்னிரண்டு வார இடைவெளியில் இருமுறை ரத்தம் கொடுத்து மூன்று பரிசோதனைகளையும் முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நாள் தள்ளிப்போனால், கலைந்த கருக்கள் எத்தனை, எத்தனையாவது வாரத்தில் என்பதை முதல் பதிவிலேயே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால், அவளோடு நீங்களும் போங்கள்.